பாறை என்று எழுதிய இடம்

மாங்குளம் நகரத்தின் இருபது வருடத் திட்டத்தில் பாதிக் காலம் முடிந்துவிட்டது. எவ்வளவு நடந்திருக்கிறது என்று சனத்துக்குச் சொல்வதற்காக மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். திட்ட அலுவலகத்தின் படவரைஞர் ராஜினி மேடையோரம் நின்று, தான் கீறிய படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினாள். புதுப் பஸ் நிலையம் வந்தபோது கைதட்டினார்கள். தெருவிளக்குக்கும் தட்டினார்கள். சந்தைக் கட்டடம், நடைபாதை, வீதியோரம் நட்ட மருதங்கன்றுகள் எல்லாம் வந்து போயின. கடைசியாக வடிகால் படம் வந்ததும் பின்வரிசையில் மீனம்மா எழுந்தாள்.

“எல்லாம் வடிவாத்தான் இருக்கு. கார்த்திகை வெள்ளத்தில என்ர மனிசனைத் தூக்கி மேசைக்கு மேல கிடத்தினனான். இடுப்பளவு தண்ணி. எங்கட வீட்டுத்திட்டத்தில இருபத்தேழு வீட்டுக்குள்ளயும் வெள்ளம். அந்த வாய்க்கால் குளத்துக்கு நேர போகாம எங்கட பக்கம் ஏன் வளைஞ்சு வருது? அதை மட்டும் ஆராவது சொல்லுங்கோ.”

திட்ட அதிகாரி சிவதர்சினி முல்லைத்தீவிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான். அவள் கோப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

“அந்த இடத்தில பாறை எண்டு படத்தில இருக்கு அம்மா. அதாலதான் சுத்திப் போகுது. நான் நாளைக்கே வந்து பாக்கிறன்.”

ராஜினி அடுத்த படத்தைக் காட்ட மறந்து நின்றாள். அந்தச் சொல்லை எழுதியது அவள்தான். அங்கே பாறை இல்லை.

ராஜினியின் தாய் பேச்சியம்மா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தவள். மாங்குளத்தில் காடு வெட்டி, அரசாங்கக் காணியில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டாள். அனுமதிப்பத்திரம் கடைசிவரை கிடைக்கவில்லை. புருஷன் பாம்பு கடித்துச் செத்த பிறகு, கூலிக்குக் கச்சான் கடலை பிடுங்கி இரண்டு பெண்பிள்ளைகளையும் வளர்த்தாள். மூத்தவள் ராஜினியைக் கிளிநொச்சிக்கு அனுப்பிப் படம் வரையப் படிப்பித்தாள். இளையவள் பிரேமிளாவுக்கு ராஜினியைவிடப் பத்து வயது குறைவு.

2008 ஐப்பசியில் சண்டை நெருங்கியதால் ஊர் கிளம்பிக்கொண்டிருந்தது. ராஜினி சைக்கிளில் சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது செல் குண்டு விழுந்தது. தாயும் தங்கச்சியும் வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் இருந்தார்கள். பங்கரின் வாசலிலேயே விழுந்தது. பக்கத்து வளவு ஆண்கள் இரண்டு பேர் ஓடிவந்து உள்ளே இறங்கிப் பார்த்தார்கள். பேச்சியம்மா பின்சுவரோடு சாய்ந்தபடி செத்துப்போயிருந்தாள். அசைவில்லாமல் கிடந்த பிரேமிளாவைத் தாயின் மடியில் கிடத்திவிட்டு மேலே ஏறினார்கள். இன்னொரு செல் தெருவுக்கு அப்பால் விழுந்தது.

“முடிஞ்சுது பிள்ளை. மூடிப்போட்டுப் போவம். நிண்டா நாங்களும் இதுக்குள்ளதான்” என்றார் ஒருவர்.

மூன்று பேருமாக மண் தள்ளினார்கள். ராஜினி வெறுங்கையால் தள்ளினாள். முக்கால்வாசி மூடியபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமுவது போல, மிகச் சின்னதாக. அவள் மற்ற இருவரின் முகத்தையும் பார்த்தாள். அவர்களுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து இன்னும் ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டாள். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு சனத்தோடு சனமாக நடந்தாள்.

அந்த இரண்டு ஆண்களும் போர் முடிந்து திரும்பி வரவில்லை. செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ராஜினி மட்டும் வந்தாள். பழைய வளவு பற்றை மண்டிக் கிடந்தது. அவளுக்கு வேறிடத்தில் வீட்டுத்திட்டத்தில் வீடு கொடுத்தார்கள். வேலையும் கிடைத்தது. ஆனால் பஸ்ஸில் யாராவது செருமினால் உடம்பு விறைத்துவிடும். கலியாணம் பேசி வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். ஒரே அறையில் இன்னொருவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டு படுக்க அவளால் முடியாது என்பதை யாரிடம் சொல்வது?

2014இல் திட்டத்தின் முதல் படத்தைக் கீறும்போது, பிரதான வடிகாலின் கோடு சந்தியிலிருந்து குளத்துக்கு நேராகப் போனது. அது அந்தப் பற்றைக்குள்ளால் போனது. ராஜினி கையில் பென்சிலோடு மத்தியானம்வரை அப்படியே இருந்தாள். வெட்டினால் எலும்பு வரும். யார் எப்படிக் கிடந்தார்கள் என்று தெரிந்துவிடும். மடியில் கிடத்தியவள் மடியில் இல்லாவிட்டால்? அவள் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டாள். நடுவில் ‘பாறை’ என்று எழுதினாள். அப்போதிருந்த அதிகாரி கையெழுத்து வைத்தார். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. வாய்க்காலை வளைத்து வெட்டினார்கள்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை சிவதர்சினி சொன்னபடியே ஓர் இரும்பு அலவாங்கோடு புறப்பட்டாள். ராஜினியும் போக வேண்டியிருந்தது. பற்றையை விலக்கி நடுவில் நின்று, சிவதர்சினி அலவாங்கை ஓங்கிக் குத்தினாள். அது முழங்கை ஆழத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. தள்ளிப்போய் இன்னும் இரண்டு இடத்தில் குத்தினாள். அங்கேயும் இறங்கியது.

“இஞ்ச எங்கயக்கா பாறை? ஆர் இதை அளந்தது?”

மறுபடியும் ஓங்கியபோது ராஜினி போய் அலவாங்கைப் பிடித்துக்கொண்டாள்.

“குத்தாதேங்கோ மிஸ். கீழ ஆக்கள் இருக்கினம்.”

“ஆர்?”

“அம்மாவும் தங்கச்சியும். நான்தான் பாறை எண்டு எழுதினனான்.”

சிவதர்சினி அலவாங்கை மெதுவாக நிலத்தில் கிடத்தினாள். காலில் கிடந்த செருப்பைக் கழற்றினாள்.

“இதை நான் மறைக்க ஏலாதக்கா. பொலிசுக்கும் கோட்டுக்கும் அறிவிக்க வேணும். உங்களுக்கு விசாரணை வரும்.”

“தெரியும். நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்யுங்கோ” என்றாள் ராஜினி. சத்தத்தைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே ராஜினி மீனம்மாவின் வீட்டுக்குப் போனாள். சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் அழியவில்லை. மீனம்மாவின் கணவன் யோகநாதன் முற்றத்தில் சில்லுக் கதிரையில் இருந்தான். கடைசிச் சண்டையில் முள்ளந்தண்டில் சன்னம் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவன். ராஜினி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். மீனம்மா கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“எங்கட வீட்டிலயும் செத்தவைதான். நாங்கள் அவைக்காக ஊரை வெள்ளத்தில விடேல்லை. செத்தவையைக் காப்பாத்தப் போய் என்ர மனிசனைத் தாட்டிருப்பாய். நீ போ, எனக்கு உன்னோட கதை இல்லை.”

ராஜினி படலையைத் திறந்துகொண்டு போனாள்.

நீதிமன்ற உத்தரவு பங்குனியில் வந்தது. சட்ட வைத்திய அதிகாரி முன்னிலையில் மூன்று நாள் தோண்டினார்கள். முதல் நாள் மண் மட்டும் வந்தது. இரண்டாம் நாள் உக்கிய தென்னங்குற்றிகளும் ஓர் அலுமினியக் கிண்ணமும் வந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் பின்சுவரோடு பேச்சியம்மா கிடைத்தாள். பிரேமிளாவும் கிடைத்தாள். தாயின் மடியில் இல்லை. ஒரு கை நீளத்துக்கு வாசல் பக்கம் தள்ளிக் கிடந்தாள்.

ராஜினி குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று அதைப் பார்த்தாள். வைத்தியர் மேலே ஏறி வந்ததும் அவரிடம் போனாள்.

“ஐயா, நாங்கள் மடியில கிடத்தினனாங்கள்.”

“ஓம்.”

“மூடேக்க ஒரு சத்தம் கேட்டது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

பதினாறு வருடத்தில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். வைத்தியர் கையுறையைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“மேல்மரம் உக்கி மண் இறங்கியிருக்கு. இத்தினை வருச மழையும் இறங்கியிருக்கு. எலும்பு நகரும். அவ தானா நகர்ந்தவவோ, மண் நகர்த்தினதோ எண்டு என்னால சொல்ல ஏலாது. சொன்னா அது பொய்யாப் போகும்.”

உடல்களை ஒப்படைக்க வைகாசி ஆகிவிட்டது. மயானத்துக்கு நாற்பது பேரளவில் வந்தார்கள். மீனம்மா வரவில்லை. ஆனால் யோகநாதன் தன் கையாலேயே சில்லை உருட்டிக்கொண்டு வந்திருந்தான். எல்லோரும் கலைந்த பிறகு ராஜினியைக் கூப்பிட்டான்.

“வைத்தியருக்கு நீங்கள் சொன்னதைச் சனம் கதைச்சினம். அதான் வந்தனான். என்னையும் செத்திட்டான் எண்டு விட்டிட்டுப் போனவை. பிணங்களோட பிணமா அரைநாள் கிடந்தனான். பிறகு ஆரோ வந்து தூக்கினவை.”

ராஜினி திரும்பிப் போகப் பார்த்தாள். அவளுக்குக் கேட்க விருப்பமில்லாத கதை அதுதான்.

“கேளுங்கோ. நான் முனகினனானாம், அம்மா எண்டு கூப்பிட்டனானாம். தூக்கினவை பிறகு சொன்னவை. எனக்கு அதில ஒண்டும் தெரியாது. நோகேல்லை, பயம் இல்லை, இருட்டுக்கூடத் தெரியேல்லை. ஆஸ்பத்திரியில முழிச்ச பிறகுதான் நோ வந்தது. உங்கட தங்கச்சிக்கு எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது. எனக்கு இப்பிடித்தான் இருந்தது.”

“மீனம்மாக்கா அனுப்பினவாவோ?”

“இல்லை. அவாவுக்குத் தெரிஞ்சா ஏசுவா.”

அன்று ராஜினி வீட்டுக்குப் போய், மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல் படுத்து, அடுத்த நாள் காலைவரை எழும்பாமல் உறங்கினாள். அப்படி உறங்கியது அந்த ஒரு நாள்தான். பிறகும் அந்தச் சத்தம் கேட்கும். ஆனால் கேட்கும்போது யோகநாதன் சொன்னதையும் சேர்த்து நினைப்பாள். சில நாள் அது உதவும், சில நாள் உதவாது.

விசாரணையில் அவள் ஒன்றையும் மறுக்கவில்லை. வவுனியாவுக்கு மாற்றினார்கள்; மாங்குளத்திலிருந்தே பஸ்ஸில் போய்வந்தாள். பதவி உயர்வையும் நிறுத்தினார்கள். வடிகாலை ஆவணியில் நேராக வெட்டி முடித்தார்கள். அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தும் தண்ணீர் நேரே குளத்துக்குப் போனது. இருபத்தேழு வீடுகளில் ஒன்றின் வாசற்படியைக்கூட அது தொடவில்லை. மீனம்மா தெருவில் ராஜினியைக் கண்டால் அதன் பிறகும் மறுபக்கம் கடந்துபோனாள்.

ராஜினி நினைத்திராத ஒன்றும் நடந்தது. தோண்டிய செய்தி பரவியதும் தங்கள் ஆட்களைப் புதைத்த இடத்தைச் சொல்லச் சனம் ஒவ்வொருவராகத் திட்ட அலுவலகத்துக்கு வரத் தொடங்கியது. விளையாட்டுத் திடலுக்கு ஒதுக்கிய காணியின் மேற்கு மூலையைக் காட்டினாள் ஒருத்தி. இன்னொருவர் தண்ணீர்த் தாங்கி வரப்போகிற இடத்தைச் சொன்னார். இரண்டு மாதத்தில் பதினொரு பேர் வந்தார்கள். இனி எங்கே மண் வெட்டினாலும் ஒரு மாதத்துக்கு முன்பே அறிவித்தல் போட்டுச் சனத்தைக் கேட்க வேண்டும் என்று சிவதர்சினி விதி எழுதுவித்தாள். பழைய கிணறும் மரமும் வேலியும் எங்கே இருந்தன என்று அலுவலக ஆட்களில் தெரிந்தவள் ராஜினி ஒருத்திதான். அதனால் சிவதர்சினி வருகிறவர்களை அவளிடம் அனுப்பினாள். சனிக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்கு வருவார்கள். ராஜினி பழைய ஊரை ஒரு தாளில் கீறி, அவர்கள் விரல் வைக்கும் இடத்தில் புள்ளி வைத்துக் கொடுப்பாள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை ஏரம்பு என்றொருவர் வந்தார். இப்போது தண்ணீரூற்று என்ற ஊரில் இருப்பவர். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒரு புளியமரத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். ராஜினி புதுப் படத்தை எடுத்துப் பொருத்திப் பார்த்தாள். அது பஸ் நிலையத்தின் மூன்றாவது மேடை. கட்டி ஏழு வருடமாகிவிட்டது.

“இதில கொங்கிறீட் போட்டிட்டினம் ஐயா” என்றாள்.

“தெரியும் பிள்ளை. நான் உடைக்கச் சொல்ல வரேல்லை. என்ர மகன் அதில. எனக்குப் பிறகு தெரிஞ்ச ஆள் ஒண்டு வேணும். அதான் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்.”

அவள் மகனின் பெயரைக் கேட்டாள். நிருஷன் என்றார். புள்ளிக்குப் பக்கத்தில் எழுதினாள். அவர் தேத்தண்ணி குடித்துவிட்டு, மழைக்கு முன்னால் போக வேண்டும் என்று எழுந்துபோனார்.

வவுனியா பஸ் அந்த மூன்றாவது மேடையிலிருந்துதான் புறப்படும். திங்கட்கிழமை காலை ராஜினி நிலைய வாசல்வரை வந்தாள். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேடையில் வரிசையாக நின்றார்கள், கச்சான் விற்கிறவள் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ராஜினி உள்ளே போகவில்லை. சந்திவரை நடந்து, அங்கே கை காட்டி ஏறினாள். இப்போதும் அங்கேதான் ஏறுகிறாள்.