அம்மா சொன்ன ஓம்

எங்கள் ஊரில் டொக்டருக்கு முன்னால் இல்லை என்று சொல்வது மரியாதைக்கேடு. "நோவு இருக்கா?" என்று கேட்டால் ஓம். "குளிசை போடுறீங்களா?" என்றால் ஓம். "போடுறதில்லையா?" என்று கேட்டாலும் ஓம்தான். படித்த மனுசனோடு பணிவாகக் கதைத்துவிட்ட திருப்தியில் எல்லோரும் வீடு வந்து சேருவார்கள்.

கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த வருடம், எனக்கு எட்டு வயது. குருக்கள்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். அம்மா வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். கிளினிக்குக்கு அம்மாவோடு சின்னம்மாவும் நானும் போவோம். சின்னம்மா அம்மாவின் தங்கை. அவருக்குக் கோபம் வந்தால் அப்பாவே வேலிக்கு அங்கால் போய் நிற்பார்.

டொக்டர் வெளியூரில் இருந்து புதிதாக வந்தவர். பாவம், வாசல் வரை சனம். ஆளை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. "ரெத்தம் காணாது அம்மா. மீன் நல்லாச் சாப்பிடுறீங்களா?" என்று எழுதிக்கொண்டே கேட்பார். அம்மா ஓம் என்பார். அடுத்த முறையும் ரத்தம் ஏறியிருக்காது. இரும்புச்சத்துக் குளிசையைக் கூட்டினார். அப்போதும் ஏறவில்லை.

ஏறுமா? அந்த வருடம் எங்கள் ஊரில் எந்த அடுப்பிலும் மீன் வேகவில்லை. கடல் கொண்டுபோனவர்களில் பலர் திரும்பக் கிடைக்கவே இல்லை. அந்தக் கடலில் பிடித்த மீனை எப்படி வாயில் வைப்பது? வாவி மீனைக்கூட ஒருவரும் தொடவில்லை. மீன் பிடித்தே வளர்ந்த அப்பாவும் பருப்போடு சோறு தின்றார். ஊருக்கே தெரிந்த இந்தச் சங்கதியை டொக்டருக்கும் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் கிளினிக்கில் டொக்டரின் குரல் மாறியிருந்தது. "இப்படியே போனா பிள்ளை பெறுற நேரம் ரெண்டு உசிருக்கும் ஆபத்து. மீன் சாப்பிடுறது உண்மைதானே?"

"ஓம் டொக்டர்" என்று அம்மா எழும்பினார். சின்னம்மா அவர் தோளைப் பிடித்து அமத்தினார்.

"இரு அக்கா. இண்டைக்குச் சொல்லாம நான் இந்த இடத்த விட்டு வரமாட்டன். டொக்டர், இவ சொல்லுறது முழுப்பொய். கடல் வந்த நாளில இருந்து இவ மீன் மணத்தையும் கண்டதில்ல. சோத்தக் கொறிக்கிறா. குளிசையையும் வெறுந்தேத்தண்ணியோடதான் விழுங்குறா."

அம்மா அவர் கையைக் கிள்ளினார். சின்னம்மா அசையவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்ட மருத்துவிச்சியைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, டொக்டர் பேனையை வைத்தார். முதல்முறையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"உங்கட வீட்டில ஆர் போனது?"

அம்மா நிலத்தைப் பார்த்தபடி என் தம்பியின் பெயரைச் சொன்னார். அவன் போனதிலிருந்து எங்கள் கொட்டிலில் யாரும் சொல்லாத பெயர். "எத்தின வயசு? ஆரைப் போல இருப்பார்?" என்று டொக்டர் கேட்டார். அம்மா சொல்லிக்கொண்டே போனார். அழுதார். பிறகும் சொன்னார். டொக்டர் ஒன்றும் எழுதவில்லை.

கடைசியில், "மீன் வேணாம் அம்மா. முட்டை, முருங்கை இலை சாப்பிடுங்க. குளிசை அதேதான், தண்ணியோட போடுங்க. தேத்தண்ணி வேணாம், அது ரெத்தம் ஏற விடாது" என்றார். "செய்வீங்களா?"

அம்மா யோசித்தார். "முட்டை ஏலாது டொக்டர், ஓங்காளிக்கும். முருங்கை இலை திங்கிறன்" என்றார். எங்கள் ஊரில் ஒருவர் டொக்டரை மறுத்துச் சொன்னதை அன்றுதான் கேட்டேன். சின்னம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கோ டொக்டர்மேல் கோபமான கோபம். மருந்து கொடுக்கிற வேலையை விட்டுவிட்டு, செத்த பிள்ளையைப் பற்றிக் கேட்டு அம்மாவை அழவைத்துவிட்டாரே! நோய்க்கும் தம்பிக்கும் என்ன சம்பந்தம்?

அன்று மத்தியானம் அம்மா முருங்கையிலைச் சுண்டலோடு கோப்பை நிறையச் சோறு தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். குளிசை கடைசியில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.