முண்டு விழுந்த கையும் கண்ணாடி வளையலும்

வளையல் கடையில் சரக்கு எவ்வளவு இருந்தாலும், வருகிறவள் நம்பிக் கையை நீட்டினால்தான் வியாபாரம். எண்பதுகளில் தாம்பரம் மார்க்கெட் பக்கம் எனக்கொரு கடை இருந்தது. கூடவே முடக்குவாதமும். விரல் முட்டிகளிலும் முழங்கையிலும் தோலுக்கடியில் புளியங்கொட்டை போல முண்டுகள் எழும்பின. இதே நோயோடு வாழ்கிறவர்களே, உங்களுக்குத் தெரியும்: வலியை மறைக்கலாம், தோலை எங்கே கொண்டுபோய் வைப்பது?

உப்பும் மிளகும்

கடைக்கு வாடிக்கையாக வரும் செம்பாக்கத்து சரோஜா அக்கா அவற்றை மரு என்றே முடிவுகட்டி, கோயில் குளத்தில் போட உப்பும் மிளகும் பொட்டலமாகக் கொண்டுவந்தார். மரு இல்லை, வாதத்தால் வருகிற முண்டு என்றேன். அக்கா யோசித்தார். "சரி, குளத்துல போடாட்டி ரசத்துல போடு. மிளகு விக்கிற வெலைக்கு வீணாக்காதே."

பச்சை வளையல்

மாலதி என்ற கல்லூரிப் பெண்ணின் கையில் சோப்பு நுரை தடவி, கட்டைவிரலை மடக்கி பச்சை வளையலை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் அம்மா என் விரல் முட்டிகளைப் பார்த்துவிட்டாள். மகளின் கையை வெடுக்கென்று இழுத்ததில் வளையல் உடைந்தது. "இன்னா வியாதியோ! ஒட்டிக்கினா யாரு பாக்கிறது?"

முழுக்கை ரவிக்கை

அதன்பின் சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கைதான். "நீங்களே போட்டுக்குங்க" என்று, வருகிறவர்கள் கையைத் தொடாமல் வளையலை நீட்டுவேன். அவர்கள் உடைப்பார்கள், பிறகு வேறு கடைக்குப் போவார்கள். கடையை மூடிவிடலாம் என்றிருந்தேன். துணி உரசி முழங்கை முண்டும் புண்ணாகிவிட, வாதத்துக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். மருந்தை மாற்றிக் கொடுத்தார், கூடவே திட்டும். "ஒட்டற நோயா இது? ஊருக்குப் பயந்து மூடி வெச்சா, புண்ணு எப்படிம்மா ஆறும்?"

வளைகாப்பு

புண் ஆறியது. அரைக்கை ரவிக்கைக்குத் திரும்பினேன். சில வருஷம் கழித்து மாலதியே கடைக்கு வந்தாள், ஏழு மாத வயிற்றோடு. தன் வளைகாப்புக்கு நான்தான் வந்து போட்டுவிட வேண்டுமாம். போனேன். கர்ப்பத்தில் அவள் கைகள் வீங்கியிருந்தன. சுபகாரியத்தில் ஒரு வளையல் உடைந்தாலும் அவள் அம்மா என்ன சொல்வாளோ! என் விரல் முட்டிகள் விண்விண்ணென்றன. நுரை தடவித் தடவி, இரண்டு கையும் நிறைய ஏற்றினேன். ஒன்றுகூட உடையவில்லை.

பிறகு வந்திருந்த பெண்களுக்கெல்லாம் போட்டேன். கடைசியாக மாலதியின் அம்மா என்னெதிரே வந்து உட்கார்ந்தாள். என் விரல்களைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "எனக்கும் போட்டு வுடு. மெதுவா... நான் வலி தாங்கமாட்டேன்."

முண்டுகள் அங்கேயேதான் இருக்கின்றன. அதன்பின் கடையில் நீளுகிற கைகளுக்கு நடுவே அவற்றைத் தடவிப் பார்த்துக் கவலைப்படத்தான் எனக்கு நேரமில்லாமல் போயிற்று.