கை தூக்கியவர்களும் ஓட்டு வைத்திருந்தவரும்

பெங்களூரில் பங்குதாரர் கூட்டத்துக்குப் போகிறேன் என்றால், "காரா பாத் சாப்பிடவா?" என்று கேட்பார்கள். கிண்டலில் தப்பில்லை. தொண்ணூறுகளில் பாதிப் பேர் அதற்குத்தான் வந்தார்கள். காபி வாசனை வந்ததும் எல்லாத் தீர்மானத்துக்கும் கையைத் தூக்கிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

அந்த வருஷம் எனக்குச் சாப்பாடு நினைவே இல்லை. கம்பெனியை நடத்திய குடும்பம், புதிய பங்குகளைச் சந்தை விலையில் பாதிக்குத் தனக்கே எழுதிக்கொள்ளப் பார்த்தது. மகள் படிப்புக்காகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நான் வாங்கிய பங்குகளின் மதிப்பு கரைந்துபோகும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தடுத்தே தீருவது என்று லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் டை கட்டிய ஒருவர் எதற்கும் கை தூக்காமல் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். கேட்டேன். வங்கிக்காரராம், வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவருக்குப் பதிலாக ஓட்டுப் போட வந்தவர். இந்தத் தீர்மானத்தை எதிர்க்கும்படி அவருக்கு உத்தரவே இருந்தது. ஆனால் பதிலாள் கை தூக்கினால் செல்லாது, பேசவும் உரிமை கிடையாது. சீட்டு முறையில் வாக்கெடுப்பு நடந்தால்தான் அவர் ஓட்டு எண்ணப்படும்.

அதைக் கேட்க வேண்டியதுதானே என்றேன். அந்த முதலீட்டாளரிடம் இருந்த பங்குகளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் யாரும் கேட்கும் வழக்கமில்லை என்றார்.

"சும்னே எதுக்கு மேடம் கலாட்டா?" என்று கன்னடத்து 'சும்மா'வைக் கலந்து கேட்டார்.

"கலாட்டாவை நான் பண்ணிக்கறேன், தம்பி. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

கொஞ்சம் யோசித்தார். பிறகு வாக்கெடுப்பு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தீர்மானம் வந்தது. எதிர்த்து என் கை ஒன்றுதான் உயர்ந்தது. தாளை எடுத்துக்கொண்டு நேராக மேடைக்குப் போனேன்.

"டிபன் ஆறிடும்மா," என்றார் தலைவர்.

"ஆறட்டும் சார். ஓட்டு எடுங்க."

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. நான் அசையவில்லை. வேறு வழியின்றிச் சீட்டு கொடுத்தார்கள். நிறைவேற நாலில் மூன்று பங்கு ஓட்டு வேண்டிய தீர்மானம் அது. தோற்றது.

வெளியே வரும்போது கம்பெனி அதிகாரி ஒருவர் மறித்தார். "உங்க ஓட்டால ஒண்ணும் தோக்கல மேடம். ஃபாரின்காரங்க ஓட்டாலதான்."

"தெரியும் சார்," என்றேன். "அந்த ஓட்டு வருஷா வருஷம் இங்க வந்து சும்மா உக்காந்துட்டுப் போச்சு. கேக்கத்தான் ஆள் இல்ல."