செல்லாத தபால்தலைகள்

மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் எனக்கு வேலை. ஆரோவில் விருந்தினர் விடுதியில் வேலை செய்யும் என் அக்கா, அங்கே தங்கிய ஒருவர் வேண்டாமென்று விட்டுப்போன தபால்தலைத் தாள் ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். ஐந்தடுக்கு ஜப்பானியக் கோபுரம், கொரிய அரண்மனை வாசல், பூட்டான் மலைக்கோட்டை என்று ஒன்பது கட்டடங்கள். எங்கோ ஒரு சின்னத் தீவின் பெயர் போட்டிருந்தது. அந்தத் தீவுக்கே தெரியாமல் யாரோ அச்சடித்து விற்றவை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒட்டினால் எந்தக் கடிதமும் போகாது. அழகுக்காக மட்டுமே பிறந்தவை என்பதாலேயே அவற்றின்மேல் எனக்குப் பித்துப் பிடித்தது. அதுமாதிரி ஆசியக் கட்டடங்களாகவே தேடிச் சேர்த்தேன். உப்புக்காற்றில் பசை இளகாமலிருக்க நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்தேன்.

போன வருஷம் புதுச்சேரியில் நடந்த ஒரு தபால்தலைக் கண்காட்சிக்கு ஆல்பத்தோடு போனேன். அக்காவும் கூட வந்தாள். அமைப்பாளர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினார்.

"இதெல்லாம் ஸ்டாம்ப்பே இல்லம்மா. வெறும் லேபிள்."

தெரியும் என்றேன். இடம் தர முடியாது என்றார்.

போகலாம் என்றாள் அக்கா. வந்ததற்குச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவோமென்று உள்ளே நுழைந்தேன். பரிசுக்குத் தேர்வான தபால்தலைகளை மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டம் ஒன்றில், நான் முதன்முதலில் பார்த்த அதே ஐந்தடுக்குக் கோபுரம், அதே கொரிய வாசல். அமைப்பாளரை அழைத்துவந்து காட்டினேன்.

"இது ரெண்டும் என்னுது மாதிரிதான் சார். தபால் முத்திரையப் பாருங்க, ரெண்டுலயும் ஒரே எடத்துல விழுந்திருக்குது. தபாலாபீஸ்ல குத்துனதில்ல, சேர்த்தே பிரிண்ட் பண்ணது."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். உலகத்தில் செல்லுபடியாகும் தபால்தலைகளின் தடித்த பட்டியல் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அதில் அவை இல்லை. என் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நான் சொன்னது சரிதான் என்றார். சட்டத்தின் சொந்தக்காரரான பெரியவர் முகம் சிவந்தார். பிறகு அவரே என்னிடம் வந்து, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டுக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் கூடத்தின் நடுவே எனக்கு ஒரு மேசை போட்டார்கள். 'செல்லாதவை' என்று நானே கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். மாலைவரை கூட்டம் குறையவில்லை. அக்கா எல்லாருக்கும் பக்கம் புரட்டிக் காட்டினாள்.

கிளம்பும்போது அமைப்பாளர் பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டி, மீதிச் சட்டங்களையும் ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். பார்த்தேன். இன்னும் மூன்று அகப்பட்டன.