வலிக்காத மனிதரை நான்கு மாடி இறக்கிய கதை

என் அக்கா வீட்டுக்காரருக்கு எதுவும் வலிக்காது. லிஃப்ட் மெக்கானிக், பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. ஷூவுக்குள் கிடந்த ஸ்க்ரூவோடு நாள் முழுக்கப் படியேறி இறங்கிவிட்டு, "இரும்பு உடம்புடா மாப்ளே" என்று பீற்றிக்கொண்டவர். கூடவே வேலை பார்க்கும் நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

அன்று ஒரு நான்கு மாடிக் கட்டடம். லிஃப்ட் உச்சியில் நின்றுவிட்டது. படியேறி மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் மாமா தரையிலேயே உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சர்க்கரை இறங்கிருக்கு. மிட்டாய் குடு."

அவர் பையிலிருந்த மீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். இறங்கவில்லை, ஏகத்துக்கும் ஏறியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் மாமா."

"நெஞ்சு வலியே இல்ல, எதுக்கு?"

"அலாரம் அடிக்கல, லிஃப்ட் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றவங்கள என்ன திட்டு திட்டுவீங்க? அலாரம் ஒயரே அறுந்திருக்கலாம்னு நீங்கதானே சொல்வீங்க?"

"சரி, போனைப் போடு" என்றார். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் படி வளைவில் திரும்பவில்லை. நடக்கவும் கூடாது என்றார் ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் அம்மா. லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு, மாமாவைத் தூக்கிவந்து உட்காரவைத்து, அவரும் கூட ஏறிக்கொண்டார். கரண்டை நிறுத்திவிட்டு, வாட்ச்மேன் பிரேக்கைத் தளர்த்தும் கம்பியை அழுத்திப் பிடிக்க, மோட்டார் சக்கரத்தைக் கையாலேயே சுற்றினேன். இரண்டே பேர் இருக்கும் லிஃப்ட், கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடையின் இழுப்பில் மேலே போகத்தான் பார்க்கும். சக்கரத்தோடு மல்லுக்கட்டினேன்.

"மெதுவாடா! பிரேக்கைப் பாரு!" என்று உள்ளிருந்து ஓயாத திட்டு. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

இரண்டாவது மாடியில் குரல் நின்றது. "மாமா!" என்று கத்தினேன். பதில் இல்லை. அழுதுகொண்டே சுற்றினேன்.

கீழே ஓடிவந்து பார்த்தால், மாமா கண்ணை உருட்டி முறைத்துக்கொண்டிருக்கிறார். "பேச்சை நிறுத்தவே மாட்டேன்னார், அதான் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிட்டேன்" என்றார் அந்த அம்மா.

"மாரடைப்புதான்" என்றார் டாக்டர். "சர்க்கரையில நரம்பு மரத்துப்போயிருக்கு, அதான் வலி தெரியல. இதயத்தையும் அது ஏற்கெனவே அரிச்சு வச்சிருக்கு. மத்தவங்க தாங்குற அடியை இவர் தாங்க மாட்டார். நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க." அடைப்பை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மாமா ஆரம்பித்தார்.

"ரெண்டாவது மாடில குலுங்குச்சேடா?"

"உங்க சத்தம் நின்னுடுச்சு மாமா. நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

"குலுங்கினா என்ன, சுத்துறது நீதானேன்னு தெம்பாத்தான் உட்கார்ந்திருந்தேன்."

இருபது வருடத்தில் அவர் என் வேலையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதுவிட்டேன்.