கவ்வாத்து விழுந்த புரோமீலியாட்

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அழகுமுத்துவுக்கு முப்பத்தொரு வருடமாகக் கவ்வாத்து வேலை. முதிர்ந்த தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார். மூன்று மாதத்தில் அந்தக் கட்டையிலேயே செந்தளிர் கிளம்பும். வெட்டினால் துளிர்க்கும் என்பதை அவர் யாரிடமும் கேட்டு நம்பவில்லை. லட்சம் தடவை கண்ணால் கண்டிருந்தார்.

அவர் ஆசைக்கென்று வளர்த்தது ஒரே செடி. அக்கரப்பத்தனையில் ஹலீமா டீச்சர் வீட்டு வேலியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டிக் கொடுத்தபோது, டீச்சர் தன் தொட்டியிலிருந்து அன்னாசி இனத்துப் பூச்செடியான புரோமீலியாட் கன்றொன்றைப் பிரித்துக் கொடுத்தார்.

“பூக்க மூணு நாலு வருஷம் போகும். பொறுமை இருக்கா?”

“தேயிலைக்காரன்கிட்டயா டீச்சர் பொறுமையக் கேக்குறீங்க?”

பழைய பெயின்ட் வாளியில் கரித்துண்டும் தேங்காய் மட்டையும் நிரப்பி நட்டு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் வைத்தார். அந்தச் செடிக்கு வேர் பிடித்து நிற்பதற்குத்தான், குடிப்பது இலையால். இலைகள் அடியில் ஒன்றையொன்று சுற்றிக் கிண்ணமாகின்றன. மழையும் மூடுபனியும் அதில் வந்து தங்குகின்றன. ஒருநாள் அந்த நீரில் நகத்தளவுத் தவளையொன்று உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு வேலைக்குப் போகுமுன் தினமும் குனிந்து பார்ப்பார். ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

பக்கத்து வீட்டு ராக்காயி தனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தாள்.

“என்னாண்ணே, அன்னாசி எப்பக் காய்க்கும்?”

“இது காய்க்காது தங்கச்சி. பூக்கும்.”

“ஒரு பூவுக்கு நாலு வருஷமா? அண்ணிக்கு ஒரு மொழம் பூ வாங்கிக் குடுத்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்!”

நான்காம் வருடம் கிண்ணத்தின் நடுவிலிருந்து தீக்கங்குபோல ஒரு பூ எழுந்தது. லயமே வந்து பார்த்தது. ராக்காயிகூட இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். மூன்று மாதம் நிறம் மாறாமல் நின்றது. பிறகு பூ கருகியது. இலைகள் மஞ்சளித்துத் தொங்கின.

அழகுமுத்து கவ்வாத்துக் கத்தியை எடுத்தார்.

“ஏங்க, டீச்சர ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டுங்க,” என்றாள் மனைவி வேலாயி.

“செடி அசந்து போச்சு. ஒரு வெட்டு குடுத்தா எந்திரிச்சிரும்.”

சாய்வாக ஒரே வீச்சு. கிண்ணத்து நீர் அவர் காலில் கொட்டியது. அடியில் இரண்டு இலைகள் மட்டும் மிஞ்சின. தேயிலையில் ஒரு கிளையை இலையோடு விட்டுவைப்பார்கள், செடி மூச்சுவிட. பழகிய கை இங்கும் அவரைக் கேட்காமல் அதையே செய்திருந்தது.

வேலாயி உடனே டீச்சருக்குப் போன் எடுத்தாள்.

“அது ஒரு தடவதான் பூக்கும், வேலாயி. பூத்தா தாய் மெல்ல வாடும், அதுக்குள்ள அடியில கன்று வரும். கன்று வந்திருந்ததா?”

“இல்லங்க டீச்சர்.”

“வராமலே வெட்டிட்டாரா? இனி அல்லாஹ்தான் அறிவான்.”

அழகுமுத்து கத்தியைக் கழுவி வைத்தார். மிஞ்சிய இரண்டு இலைகளின் இடுக்கில் தினமும் கொஞ்சம் நீர் விட்டார். வெட்டுவாயில் துளிர் தேடினார். அது பழுப்பாகி, பிறகு கறுத்தது. ஆறு வாரம் போனது. வாளியைக் கவிழ்க்கத் தூக்கியபோது வேலாயி அவர் கையைப் பிடித்தாள்.

“கீழ பாருங்க.”

இரண்டு இலைகளின் அடியில், மட்டையை முட்டிக்கொண்டு ஒரு பச்சை முனை.

அவரை நல்ல தோட்டக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் செய்தது பிழை. அந்தப் பிழைக்குள்ளும் உயிருக்கு ஒரு வழி இருந்தது. நாற்பது நாள் அவர் காயத்தையே பார்த்துக்கொண்டிருக்க, செடி வேறோர் இடத்தில் வேலையைத் தொடங்கியிருந்தது. எந்த அறிவு அதைச் செய்தது என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

மேலும் இரண்டு வாரத்தில் முனை விரிந்து, விரல்நுனி அளவில் ஒரு குட்டிக் கிண்ணமானது. அன்று காலை மூடுபனி இறங்கியிருந்தது. அழகுமுத்து குனிந்தார். கிண்ணத்தின் நடுவில் ஒரு துளி நீர்.

“வேலாயி, நீ ஊத்துனியா?”

“நான் வாசலுக்கே இப்பதான் வாரேன்.”

சொந்தமாக ஒரு வேர்கூட விடாத கன்று மலையின் மூடுபனியிலிருந்து தன் நீரை வாங்கிக்கொண்டிருந்தது. கீழே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் ஆள்களின் பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவர் பெயரும் வந்திருக்கும். அவர் முழங்காலில் கைவைத்தபடி குனிந்தே நின்றார்.