லவெல் ஹாப்கூடும் மச்சினனின் லேசர் பங்குகளும்

கழிவுத்தொட்டி லாரி ஓட்டுகிறவனைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்படுவது கென்டக்கி மாநிலத்தில் இருக்கிற எங்கள் பட்யூக்கா ஊரில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. லவெல் ஹாப்கூட் அதை நான்கு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை கூட விடுப்பு எடுக்காமல் செய்துவந்தார்.

லாரிக்காரன் வேறு யாருமில்லை, லவெலின் மனைவி நெல்டாவின் தம்பி டாயல் பர்க்கீன். எவர் வீட்டுத் தொட்டி நிரம்பினாலும் டாயலுக்குத்தான் போன் போகும். வாய் ஓயாதவன். பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடத்தில் இரண்டு முறை தோற்றவன். அவன் கையில்தான் லேசர் கொண்டு யுரேனியம் செறிவூட்டப்போகிற கம்பெனியின் இருபதாயிரம் பங்குகள் இருந்தன. ஒரு பங்கு நாற்பது சென்ட் விற்ற காலத்தில் வாங்கிப் போட்டது. இப்போது எட்டு டாலரைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

லவெல் அப்படி யுரேனியம் தெரியாத ஆள் இல்லை. ஊருக்கு மேற்கே இருந்த செறிவூட்டல் ஆலையில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். யுரேனியத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட வராத ஒரு வகைதான் அணு உலையில் எரியும். அதைப் பிரிப்பதற்காக, யுரேனியத்தை வாயுவாக்கி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட சல்லடைகளில் ஆயிரம் தடவைக்கு மேல் தள்ளுவார்கள். ஒரு கட்டடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக சைக்கிள் வேண்டும். ஒரு பெருநகரம் தின்கிற மின்சாரத்தை அந்த ஆலை தனியாகத் தின்றது. ஒலியை வைத்தே வாயுவை அழுத்தித் தள்ளுகிற எந்த இயந்திரம் மக்கர் செய்கிறது என்று சொல்கிற காது லவெலுக்கு இருந்தது.

லேசர் வேலையே வேறு. ஒளியைச் சரியான அளவுக்கு வைத்து, வேண்டிய அணுவை மட்டும் தட்டி எழுப்பிப் பொறுக்கிக்கொள்வது. சைக்கிளும் வேண்டாம், ஒரு நகரத்து மின்சாரமும் வேண்டாம். லவெல் வேலைக்குச் சேர்ந்த வருடமே, "இன்னும் அஞ்சு வருஷத்துல லேசர் வந்துடும், நம்ம கதை முடிஞ்சுது" என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். ஐந்து ஐந்தாக ஆறு தவணை போயிற்று. லேசர் வரவில்லை. லேசர் என்ற பேச்சை எடுத்தாலே லவெலுக்கு உதடு கோணிக்கொண்டு ஒரு சிரிப்பு வரும்.

ஆலைக்காரர்களின் இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உள்ளே நடப்பதை வெளியே பேசக்கூடாது என்பது அங்கே முதல் நாளே வாங்குகிற சத்தியம். எந்தக் கட்டடத்தில் வேலை என்று நெல்டாவுக்குத் தெரியவே பதினொரு வருடம் ஆயிற்று. யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் இவர்கள் ஆமாம் என்றும் சொல்லமாட்டார்கள், இல்லை என்றும் சொல்லமாட்டார்கள். லேசாகச் சிரித்துவிட்டு, வானத்தைப் பார்த்து மழையைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். அப்படிச் சிரித்தால் விஷயம் உண்மை என்று அர்த்தம். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

ஆலையை மூடிய வருடம், டாயல் தன் வீட்டுக் கொல்லையில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டே கேட்டான். "அத்தான், லேசர் லேசர்ங்கறாங்களே, அது நடக்குமா?"

லவெலுக்கு வழக்கமான சிரிப்பு வந்தது. உதடு கோணிய இளக்காரச் சிரிப்பு. ஆனால் நாக்கு பழக்கத்தை விடவில்லை. "சாயங்காலம் மழை வரும்போல இருக்கு," என்றார்.

மறு வாரமே டாயல் போய்ப் பங்கு வாங்கிவிட்டான். எட்டு வருடம் அது சென்ட்டிலேயே கிடந்தது. பிறகு அணு உலைகளுக்கு மறுபடி கிராக்கி வந்தது. லேசர் கம்பெனி பழைய ஆலைக்குப் பக்கத்திலேயே நிலம் வாங்கியது. பங்கு எழுந்து உட்கார்ந்தது, நின்றது, ஓட ஆரம்பித்தது.

டாயலுக்குப் புது பிக்கப் வண்டி வந்தது. மீன் பிடிக்க மினுமினுக்கிற படகு வந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவன் போகிற இடமெல்லாம், "எனக்கு என்னங்க தெரியும்? எங்க அத்தான் சிரிச்சாரு, நான் வாங்கிட்டேன்!" என்று சொல்லித் திரிந்ததைத்தான் லவெலால் தாங்க முடியவில்லை. சிரித்தவர் கையில் ஒரு பங்குகூட இல்லை. முடிவெட்டுகிற இடத்தில், "உங்ககிட்ட எத்தனை இருக்கு லவெல்?" என்று கேட்பார்கள். அவர் சிரித்து வைப்பார். மூட்டை மூட்டையாக வைத்திருக்கிறார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

காலையில் காப்பி குடிக்கும் முன்பே போனில் பங்கு விலையைப் பார்ப்பார். இறங்கியிருந்தால் முட்டை இரண்டாகச் சாப்பிடுவார். ஏறியிருந்தால் நெல்டா போட்ட காப்பியில் குறை இருக்கும். டாயலின் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அந்த எஞ்சின் சத்தம் அவர் வயிற்றில் கேட்கும். முப்பது வருடம் யுரேனியத்தின் காற்றைச் சுவாசித்தவன் நான், கழிவை உறிஞ்சுகிறவனுக்கு யுரேனியக் காசா என்று ஆண்டவரிடமே கேட்டிருக்கிறார், அதுவும் தேவாலயத்தில், தலை குனிந்து எல்லோரும் நாட்டுக்காக ஜெபித்த நேரத்தில்.

இந்த ஆகஸ்டில் டாயல் இன்னொரு செய்தி கொண்டுவந்தான். கென்டக்கி ஏரிக்கரையில், ஜொனாதன் ஓடைப் பக்கம் உள்ள பச்சைக் கூரை வீடு விலைக்கு வருகிறதாம். அவன் போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டானாம்.

இருபது வருடமாக ஜூன் மாதத்தில் ஒரு வாரம் அவரும் நெல்டாவும் வாடகைக்கு எடுத்துத் தங்குகிற வீடு அது. எந்தப் படிக்கட்டு கிறீச்சிடும் என்று அவருக்குத் தெரியும். ஓய்வு பெற்றதும் அதை வாங்கவேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டு, ஓய்வூதியத்தைப் பார்த்தபின் ஆசையை விட்டவர். அவர் விட்ட ஆசையை மச்சினன் எடுத்துக்கொள்ளப் போகிறான்.

அந்த வாரம் புதன்கிழமை தேவாலயத்தில் சாப்பாடு. லவெலுக்கு எதிரே ராய்ஸ் டைன்ஸ் உட்கார்ந்திருந்தார். பழைய ஆலைக்காரர், எழுபத்தொரு வயது. புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க லேசர் கம்பெனி அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா, உங்க லேசர் எப்படிப் போகுது?" என்றார் லவெல். கேலியாகக் கேட்டதாகத்தான் நினைப்பு.

ராய்ஸ் பீன்ஸை முள்கரண்டியால் குத்தி எடுத்தார். லேசாகச் சிரித்தார். ஜன்னல் வழியாக, மூன்று வாரமாக மேகமே காணாத வானத்தைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை மழை வரும்போல," என்றார்.

லவெல் கையில் எடுத்த சோளரொட்டியைத் தட்டிலேயே வைத்தார். வேலை செய்கிறது. லேசர் நிஜமாகவே வேலை செய்கிறது. பக்கத்தில் இருந்த நெல்டா வெண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, ராய்ஸின் பெண்டாட்டியிடம் முட்டிவலியைப் பற்றி விசாரித்தாள்.

சனிக்கிழமை காலையில் டாயல் வந்தான். லவெல் கார் கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஒன்பது டாலருக்கு வந்துடுச்சு. எனக்குத் தூக்கமே வரல. வச்சுக்கவா, வித்துடவா? நீங்க சொல்றதுதான்."

"என்னைக் கேட்டா?"

"உங்களைக் கேக்காம வேற யாரைக் கேக்கறது? என் லாரியையா கேக்கறது?"

நெல்டாவும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படிக்கு வந்து நின்றாள். "சொல்லுங்களேன். அவன் நம்பிக் கேக்கறான்ல?"

அந்தக் கணத்தில் லவெல் வழக்கம்போலச் சிரித்திருக்கலாம். மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்தால் இந்தப் பயல் பங்கை வைத்துக்கொள்வான், ஏரிக்கரை வீட்டில் கால் நீட்டி உட்காருவான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆலை விஷயத்தில் வாய் திறந்து நேராகப் பதில் சொன்னார்.

"வித்துடு."

டாயலுக்குக் கண் விரிந்தது. "நிஜமாவா?"

"மொத்தத்தையும். ஆய்வுக்கூடத்துல ஓடும்டா, ஆலையில ஓடாது. நான் பார்க்காத லேசரா? இன்னும் ஒரு மாசத்துல காத்து இறங்கிடும்."

"நிச்சயமாச் சொல்றீங்களா?" என்று நெல்டா கேட்டாள். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள்.

"நிச்சயம்," என்றார்.

திங்கட்கிழமை டாயல் கடைசிப் பங்குவரை விற்றுவிட்டான். லவெல் அன்று மத்தியானம் பீச் பழ அப்பம் மூன்று துண்டு சாப்பிட்டார். மனசாட்சி என்று ஒன்று குத்தத்தான் செய்தது, இல்லையென்று சொல்லவில்லை. இரண்டாவது துண்டில் அது அடங்கிவிட்டது.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனி அறிவித்தது. பெரிய அளவில் நடந்த சோதனை வெற்றி. பங்கு இரண்டே நாளில் பத்தொன்பது டாலருக்குப் போயிற்று. விலையைப் பார்த்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக லவெலுக்குச் சந்தோஷம் வந்தது. விலை ஏறியதற்குச் சந்தோஷம்! அந்த ஞாயிற்றுக்கிழமை டாயல் மீன் விருந்துக்குக் கூப்பிட்டபோது, சட்டைக்குக் கஞ்சி போடச் சொல்லிக் கிளம்பினார். மச்சினன் மூஞ்சியைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். வண்டியில் நெல்டா வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

டாயல் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் சீட்டியடித்துக்கொண்டு நின்றான். "வாங்க அத்தான்! பத்தொன்பது, பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எனக்கே சங்கடமாப் போச்சுடா," என்றார் லவெல். மீன் தட்டோடு மேசையில் உட்கார்ந்து, முகத்தைச் சங்கடமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார்.

"அட விடுங்க. நாப்பது சென்ட்டுக்கு வாங்கினது. ஒன்பது வந்ததே உங்களாலதான். எனக்கு ஒண்ணும் இல்ல. அக்காவுக்குத்தான் கொஞ்சம் துண்டு விழுது." கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நெல்டாவிடம் நீட்டினான். "இந்தா அக்கா, உன் பாதி."

லவெல் உறையைப் பார்த்தார். "என்ன பாதி?"

"பங்குல பாதி அக்காவோடதுதானே! அன்னைக்கு நீங்க சிரிச்சதும், மெத்தை விரிப்பு தச்ச காசைக் கொண்டுவந்து என் கையில குடுத்தா. ஆலை ஆளுங்க பேருல வாங்கினா ஏதாவது வம்பு வருமோன்னு என் பேருலயே போட்டேன். ஏரி வீட்டை யாருக்குப் போய்ப் பார்த்தேன்னு நெனச்சீங்க? உங்க ரெண்டு பேருக்குத்தான். எனக்கு ஏரியில படகு போதும்."

லவெலின் தட்டில் இருந்த மீன் ஆறிக்கொண்டிருந்தது. "நெல்டா, எங்கிட்டச் சொல்லவே இல்லையே," என்றார்.

"சொன்னா, ஏதாவது வம்பு வரும்னு பயந்து ரெண்டாவது நாளே விக்கச் சொல்லியிருப்பீங்க," என்றாள் நெல்டா. "இருபத்தொன்பது வருஷம் நீங்க வாயைத் திறக்காம இருந்தீங்க. நானும் பன்னெண்டு வருஷம் இருந்து பார்த்தேன். வீடு கைக்கு வந்தப்புறம் சாவியைக் குடுக்கலாம்னு இருந்தேன்."

"இப்ப?"

"ஒன்பதுக்குப் பாதி வீடுதான் வரும். பாதி வீட்டை யாரும் விக்க மாட்டாங்க."

டாயல் மீனைத் திருப்பப் போனான். நெல்டா குரலைத் தாழ்த்தினாள். "ராய்ஸ் மழையைப் பத்திச் சொன்னப்ப நானும் உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எனக்கும் புரிஞ்சுது. வச்சுக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க வித்துடுன்னீங்க. சரி, எனக்குத் தெரியாதது ஏதோ இவருக்குத் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். நீங்க என் தம்பிகிட்டப் பொய் சொல்லுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

லவெலுக்குக் காது சுட்டது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு நொடி பார்த்தார். அவள் கண்ணில் அதற்கு இடமில்லை.

டாயல் சுடச்சுட இன்னொரு துண்டைக் கொண்டுவந்து அவர் தட்டில் போட்டான். "அத்தான், இந்தக் காசைச் சும்மா வைக்கக் கூடாது. அடுத்து எதுல போடலாம்? சொல்லுங்க."

"என்னைக் கேக்காதடா," என்றார் லவெல். நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். "எனக்கு அன்னைக்கும் ஒண்ணும் தெரியாது. லேசர் உருப்படாதுன்னு இளக்காரமாச் சிரிச்சேன், நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டே. இந்தத் தடவை தெரிஞ்சே சொன்னேன். ஏறும்னு தெரிஞ்சுதான் விக்கச் சொன்னேன். பொறாமைடா. உன்மேல பொறாமை, வயித்தெரிச்சல். வேற ஒண்ணும் இல்ல."

டாயல் வாயைப் பிளந்தான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வருமளவு சிரித்தான்.

"கேட்டியா அக்கா? பொறாமையாம்! என்மேல! லாரி ஓட்டறவன்மேல!" மூச்சு வாங்கியது அவனுக்கு. "இந்த ஆலை ஆளுங்க வாயிலேருந்து உண்மையைப் புடுங்கவே முடியாதுப்பா. வேணாம் அத்தான், சொல்ல முடியாதுன்னா சொல்ல வேணாம். எனக்குப் புரியுது. நீங்க எது பண்ணாலும் காரணம் இருக்கும்."

நெல்டா சிரிக்கவில்லை. உறையை மடித்துக் கைப்பையில் வைத்தாள். லவெல் மேசைமேல் வைத்திருந்த வண்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு, கிளம்பலாம் என்று எழுந்தாள். வண்டியருகே லவெல் சாவிக்காகக் கை நீட்டினார். அவள் சாவியைக் கொடுக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்து, அவர் ஏறுவதற்காகக் காத்திருந்தாள்.